தங்கவயல்: இறங்கிக்கொண்டே போன ரேகை
கைவிடப்பட்ட ஊர்கள் – 9

தங்கம் தீர்ந்துபோனதால்தான் கோலார் தங்கவயலை மூடினார்கள் என்று பலர் இன்றும் நம்புகிறார்கள். 2001 பிப்ரவரி 28 அன்று சுரங்கம் நின்றபோதும் பாறைக்குள் தங்கம் இருந்தது. ஆனால், அதைத் தேடி எட்டாத ஆழத்துக்குப் போக வேண்டியிருந்தது.

அங்கிருந்த தங்கரேகை படுக்கைவாட்டில் ஓடவில்லை. ஏறத்தாழச் செங்குத்தாகப் பூமிக்குள் இறங்கியது. மாரிக்குப்பம் பக்கத்து மக்கள் மண்ணைக் கழுவித் தங்கம் எடுப்பதை ஜான் வாரன் என்ற ராணுவ அதிகாரி 1802-லேயே பார்த்து எழுதியிருந்தார். 1870-களில் லவெல் என்ற அயர்லாந்துச் சிப்பாய் மைசூர் அரசிடம் உரிமம் வாங்கினார். 1880-ல் லண்டனிலிருந்து ஜான் டெய்லர் கம்பெனி வந்தது. அதன்பின் ரேகை போன வழியிலேயே மனிதர்களும் இறங்கினார்கள். நூற்றிருபது ஆண்டுகளில் மூன்று கிலோமீட்டருக்கும் கீழே போய், 800 டன்னுக்கு மேல் தங்கத்தை மேலே அனுப்பினார்கள்.

இறங்கியவர்களில் பெரும்பாலோர் தமிழர்கள். வட ஆற்காடு, சேலம், தருமபுரிப் பக்கங்களில் பண்ணையாட்களாகக் கிடந்த தாழ்த்தப்பட்ட சாதியினர், கூலி ரொக்கமாகக் கிடைக்கும் என்று கேள்விப்பட்டு ரயிலேறியவர்கள். ஊரில் பஞ்சமும் சாதியும். இங்கே சுரங்கத்துக்குள் இறக்கும் கூண்டும் இருட்டும். இருட்டு மேல் என்று அவர்கள் முடிவெடுத்தார்கள் என்றால், விட்டுவந்த ஊர் எப்படி இருந்திருக்கும் என்று நாம்தான் எண்ணிப்பார்க்க வேண்டும்.

1902-ல் சிவசமுத்திரம் அருவியிலிருந்து நூற்றைம்பது கிலோமீட்டர் அளவுக்குக் கம்பி இழுத்து மின்சாரம் கொண்டுவந்தார்கள். பெங்களூரின் தெருவிளக்குகள் எரிந்ததே 1905-ல்தான். துரைமார்களுக்குப் பங்களாக்கள், கிளப், கோல்ஃப் மைதானம் எல்லாம் எழும்பின. 'குட்டி இங்கிலாந்து' என்ற பெயரும் வந்தது. தொழிலாளிக்கு மூங்கில் தட்டியால் கட்டிய லைன் வீடு. அதுவும் கம்பெனியுடையது, வேலை போனால் வீடும் போகும்.

ஆழம் கூடக்கூடப் பாறையின் சூடும் கூடியது. மிக ஆழத்தில் அறுபது டிகிரியைத் தாண்டும். குளிரூட்டிய காற்றை மேலிருந்து செலுத்தினால்தான் ஆள் நிற்கவே முடியும். மேலிருக்கும் மலையளவு பாறையின் பாரத்தில் சுவர்கள் திடீரென்று வெடித்துச் சிதறும். அதில் தப்பியவர்களில் பலரை, துளைபோடும்போது பறந்த பாறைத்தூசு பிறகு நுரையீரலுக்குள் இருந்து கொன்றது. அந்தத் தூசு தரும் சிலிகோசிஸ் நோய்க்கு வைத்தியம் கிடையாது.

அதே ஆழம் அறிவியலுக்கும் உதவியது. நியூட்ரினோ என்ற நுண்துகளைத் தவிர மற்ற அண்டக் கதிர்களைப் பாறை தடுத்துவிடும் என்பதால், டாடா ஆராய்ச்சி நிறுவனத்தாரும் ஜப்பானிய, பிரிட்டிஷ் விஞ்ஞானிகளும் இங்கே இரண்டு கிலோமீட்டருக்கும் கீழே கருவிகளை வைத்தார்கள். வளிமண்டலத்தில் பிறக்கும் நியூட்ரினோ 1965-ல் அங்கே பதிவானது. உலகிலேயே முதலில் அதைக் கண்ட இடங்களில் ஒன்று தங்கவயல்.

எனக்கு இதைவிடப் பெரிதாகத் தோன்றுவது மேலே, தரையில் நடந்தது. அயோத்திதாசப் பண்டிதரின் பௌத்த சங்கத்துக்கு மாரிக்குப்பத்தில் கிளை இருந்தது. பண்டிதர் மறைந்து, அவர் நடத்திய 'தமிழன்' இதழும் நின்றுபோன பிறகு, 1926-ல் ஜி. அப்பாதுரையார் அதைத் தங்கவயலிலிருந்து மீண்டும் நடத்தினார். பண்டிதரின் நூல்களைத் தங்கவயலின் சாம்பியன் ரீஃப் பகுதியிலிருந்த சித்தார்த்தா புத்தகசாலை அச்சிட்டுக் காத்தது. பகலெல்லாம் பாறை உடைத்தவர்கள் வாழ்ந்த ஊர், தமிழின் ஒரு சிந்தனை மரபு அறுந்துபோகாமல் பார்த்துக்கொண்டது. கைரேகை பதிய வேண்டும் என்று 1930-ல் நிர்வாகம் சொன்னபோது, எங்களைக் குற்றவாளிகள்போல நடத்துவதா என்று கேட்டு வேலைநிறுத்தம் செய்ததும் இதே மக்கள்தான்.

சுதந்திரத்துக்குப் பின் 1956-ல் மைசூர் அரசும் 1962-ல் மத்திய அரசும் சுரங்கங்களை எடுத்துக்கொண்டன. 1972-ல் பாரத் கோல்டு மைன்ஸ் நிறுவனம் உருவானது. அதற்குள் கணக்கு மாறியிருந்தது. ஆரம்பத்தில் ஒரு டன் பாறையில் நாற்பது கிராமுக்கு மேல் கிடைத்த தங்கம், கடைசிக் காலத்தில் சில கிராமாகச் சுருங்கியது. ஆழத்திலிருந்து பாறையை ஏற்றவும், தண்ணீரை இறைக்கவும், காற்றைக் குளிரவைக்கவும் ஆன செலவோ ஆண்டுதோறும் ஏறியது. போதாததற்கு, எடுத்த தங்கத்தை நீண்ட காலம் உள்நாட்டுச் சந்தையைவிடக் குறைந்த சர்வதேச விலைக்கே அரசு எடுத்துக்கொண்டது. நஷ்டம் என்று பேரேட்டில் விழுந்ததில் ஒரு பங்கு இப்படி உண்டானது. அதைத் தொழிலாளியின் சோம்பேறித்தனம் என்று பேசியவர்களை என்னால் மன்னிக்க முடியவில்லை.

மூடியதும் பம்புகள் நின்றன. சுரங்கங்களில் தண்ணீர் ஏறியது. இப்போது விடியலுக்கு முன்பே மாரிக்குப்பம் ரயிலில் ஆயிரக்கணக்கானோர் பெங்களூருக்கு வேலைக்குப் போய் இரவில் திரும்புகிறார்கள். ஊரைச் சுற்றிச் சயனைடு மலைகள் நிற்கின்றன: தங்கம் பிரித்தபின் கொட்டிய கழிவு மண், மூன்று கோடி டன்னுக்கு மேல். காற்றடித்தால் அந்தத் தூள் வீட்டுச் சோற்றில் விழும். அந்த மண்ணிலும் துளித்துளியாகத் தங்கம் மிச்சமிருப்பதால், அதை ஏலம் விட்டு மறுபடி அலசி எடுக்கும் மத்திய அரசின் திட்டத்துக்குக் கர்நாடக அரசு 2024-ல் சம்மதித்தது. ஏலத்துக்கு முன் தீர்க்க வேண்டிய பழைய கணக்கு ஒன்று இருக்கிறது. தலைமுறை தலைமுறையாகக் குடியிருக்கும் லைன் வீடுகளுக்குப் பட்டா கொடுங்கள் என்று முன்னாள் தொழிலாளர்கள் கேட்டுவருகிறார்கள். முதலில் அதைக் கொடுக்கட்டும்.

(தொடரும்)