ஏரிக்கு எல்லை வகுத்த பெரியவர்

பழவேற்காட்டு மகிமை மாதா திருத்தலத்திற்குச் சென்று வரும் நம் குடும்பங்கள், அங்கே ஏரியில் மீனவர் வலை வீசுவதைக் கண்டிருக்கும். அந்த ஏரியிலிருந்து ஆயிரம் மீட்டர் தொலைவுக்குள் இறால் பண்ணை எதுவும் அமைக்கலாகாது என்று 1996 டிசம்பர் 11 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அவ்வழக்கைத் தொடுத்தவர் மீனவர் அல்லர். அக்கரையில் பிறந்தவரும் அல்லர். சர்வோதயத் தலைவர் எஸ். ஜெகந்நாதன் என்பது அவர் பெயர். 2013 பிப்ரவரி 12 அன்று மறைந்த அப்பெரியவரை நன்றியோடு நினைவுகூர்வது நம் கடமை.

1930இல் காந்தியடிகளின் அழைப்பைக் கேட்டுக் கல்லூரிப் படிப்பைத் துறந்தவர் அவர். திருப்பத்தூர் கிறிஸ்துகுல ஆசிரமத்தில் சேர்ந்து ஏழைகளிடையே பணியாற்றினார். அமெரிக்க மிஷனரியான கைத்தான் அவர்களோடு தோளோடு தோள் நின்று உழைத்தார். நாடு விடுதலை பெறும் வரை மணம் புரிவதில்லை என்றிருந்து, 1950இல் கிருஷ்ணம்மாளைக் கரம் பிடித்தார். பின்னர் வினோபாவின் பூதான இயக்கத்தில் ஊர் ஊராக நடந்தார்.

1968 டிசம்பர் 25 அன்று, நாம் கிறிஸ்து பிறப்பைக் கொண்டாடிய அதே நாளில், கீழவெண்மணியில் 44 பேர் தீயில் மாண்டனர். அச்செய்தி கேட்டுத் தம்பதியர் இருவரும் கீழத் தஞ்சைக்குச் சென்று, அம்மண்ணையே தம் பணிக்களமாகக் கொண்டனர். 1981இல் அவர்கள் தொடங்கிய ‘உழுபவனின் நில உரிமை இயக்கம்’ ஆயிரக்கணக்கான கூலிக் குடும்பங்களுக்கு நிலம் பெற்றுத் தந்தது. அந்நிலம் பெண்களின் பெயரிலேயே எழுதப்பட்டது என்பது குறிப்பிடத்தக்கது.

தொண்ணூறுகளில் அவ்வயல்களுக்கு வேறொரு ஆபத்து நேர்ந்தது. பெரு முதலாளிகள் கடலோர நிலங்களை வாங்கிக் குளம் வெட்டி, உப்புநீரை இறைத்து நிரப்பி, ஏற்றுமதிக்கு இறால் வளர்த்தனர். அக்குளங்களின் கழிவுநீர் வாய்க்கால்களில் கலந்தது. குடிநீர்க் கிணறு உப்பானது, நெல்வயல் பாழானது, மீனவர் கடலுக்குச் செல்லும் பாதையும் பல இடங்களில் அடைபட்டது. ஏறத்தாழ எண்பது வயதில் ஐயா அவர்கள் மீண்டும் சத்தியாக்கிரகத்தில் இறங்கினார். ஊழியரை முன்னே அனுப்பிவிட்டுத் தாம் பின்னே இருக்கும் தலைவரல்லர் அவர். அவர்களோடு தாமும் நடந்தார், நோன்பிருந்தார். 1994இல் உச்ச நீதிமன்றத்தின் கதவைத் தட்டினார். நீதிமன்றம் கேட்டுப் பெற்ற ‘நீரி’ நிறுவனத்தின் ஆய்வோ, பண்ணைகளால் வரும் வருவாயைவிட விளையும் சேதமே மிகுதி என்றது.

பழவேற்காட்டுக்கு இத்தீர்ப்பு ஏன் பெரிது? அங்குள்ள மீனவக் குப்பங்களில் ‘பாடு’ என்றொரு பழைய முறை உண்டு. ஏரியில் எவர் எந்நாளில் எவ்விடத்தில் வலை கட்டுவது என்பதை ஊரார் கூடி முறை வைத்துப் பகிர்ந்துகொள்வர். ஏரி எவருக்கும் தனிச் சொத்தன்று. வலையும் படகும் இல்லாத இருளர் மக்கள் கையால் தடவியே இறால் பிடித்துப் பிழைக்கின்றனர். நீர் கெட்டால் முதலில் வெறுமையாவது அவர்களுடைய கூடையே.

அத்தீர்ப்பு தொழிலாளரையும் மறக்கவில்லை. மூடப்படும் பண்ணைகளில் வேலை செய்தவர்களுக்கு ஆறாண்டுக் கூலியைக் கூடுதல் இழப்பீடாகத் தரவேண்டும் என்றது. பரம்பரை முறையில் இறால் வளர்ப்போருக்குத் தடை விதிக்கவில்லை.

ஆயினும் தீர்ப்போடு எல்லாம் முடிந்துவிடவில்லை. 2005இல் நாடாளுமன்றம் இயற்றிய கடலோர நீருயிரி வளர்ப்பு ஆணையச் சட்டம், பதிவு பெற்று நடத்தும் பண்ணைகளுக்கு வழி திறந்தது. நெடுநாள் உழைத்துப் பெற்ற வெற்றி தளர்வதைக் கண்டும் பெரியவர் மனம் சோர்ந்து ஒதுங்கவில்லை. 2008இல் தம்பதியர் இருவருக்கும் இயக்கத்திற்கும், மாற்று நோபல் என அழைக்கப்படும் ‘சரியான வாழ்வுரிமை’ விருது வழங்கப்பட்டது.

உடனுழைத்த தலைவர் ஒருவர் மறைந்தால் நாம் படம் மாட்டுகிறோம். ஆண்டுதோறும் மாலை சூட்டுகிறோம். அது நன்றே. ஆனால் அவர் விட்டுச்சென்ற வேலை அங்கேயே காத்திருக்கிறதே! அடுத்த முறை மகிமை மாதாவைத் தரிசிக்கச் செல்லும்போது, பிள்ளைகளை ஏரிக்கரைக்கும் அழைத்துச் செல்வோம். இந்நீரைக் காக்க ஒரு முதியவர் நீதிமன்றப் படி ஏறினார் என்று சொல்லிக்கொடுப்போம். அவருக்காக ஒரு மன்றாட்டும் சொல்வோம்.