வாணலி மூடியைத் திறக்கலாமா?

மணி ஏழரை. அடுப்பில் இருப்பது அகலமான ஒரே ஒரு வாணலி. சோறு தனியாக வெந்து காத்திருக்கிறது. மற்றதெல்லாம் இந்த ஒன்றிலேயே முடியப்போகிறது. இறால் பீர்க்கங்காய்! உள்ளே வாருங்கள், கிட்ட வந்து பாருங்கள்.

அரை கிலோ வெள்ளை இறால், சென்னை நொச்சிக்குப்பத்தில் வாங்கியது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் இந்தக் கடற்கரையில் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம். அது முடிந்து வரும் இறால்மேல் எனக்குத் தனிப் பிரியம். முதுகைக் கீறிக் குடலை உருவி, மஞ்சள்தூள் பிசறி வைத்தாயிற்று.

உரித்த தலையையும் ஓட்டையும் குப்பையில் போடப் போனால் கையைப் பிடித்துவிடுவேன்! நல்லெண்ணெய் காய்ந்ததும் முதலில் இறங்குவதே அவைதான். சடசடவென்று பொரிகிற சத்தத்தைக் கேளுங்கள். அதோ, சாம்பல் நிற ஓடு சிவக்கிறது! அந்தச் சிவப்பு புதிதாக வந்ததில்லை. அஸ்டாசாந்தின் என்ற நிறமி இறாலிடம் முதலிலிருந்தே இருக்கிறது. ஒரு புரதம் அதைப் பற்றிக்கொண்டு நிறத்தை மறைத்து வைத்திருந்தது. சூடு பட்டதும் புரதத்தின் பிடி விட்டுப்போகிறது. நிறமி எண்ணெயில் கரையக்கூடியது என்பதால், ஓட்டை அரித்து எடுத்த பிறகு எண்ணெயே செம்மஞ்சளாக மினுங்குகிறது. கடல் வாசம் மொத்தமும் இப்போது அதற்குள்!

அதில் சோம்பு, சின்ன வெங்காயம், தட்டிய பூண்டு, கறிவேப்பிலை, தக்காளி, மிளகாய்த்தூள் என்று வரிசையாக வதங்குவது உங்களுக்குத் தெரிந்த கதைதான். அடுத்ததுதான் எனக்குப் பரவசம்.

என்னைக் கேட்டால் இங்கே நாயகன் இறால் இல்லை, பீர்க்கங்காய். நறுக்கும்போதே ஒரு துண்டு வாயில் போட்டுப் பார்த்தேன். கசந்தால் அந்தக் காயே வேண்டாம். இது இனிப்பு! வாணலியில் போட்டு, உப்புத் தூவி மூடிவிடுகிறேன். ஒரு சொட்டுத் தண்ணீர் ஊற்றவில்லை. பீர்க்கங்காயில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் தண்ணீர்தான். உப்பும் சூடும் சேர்ந்து அதை வெளியே இழுத்துவிடும். ஐந்தாறு நிமிடம் பொறுங்கள். மூடியைத் தூக்கட்டுமா? ஆகா, குழம்பு தானாக ஊறி நிற்கிறது!

இப்போதுதான் இறால். முன்பே போட்டிருந்தால் காய் வேகும் நேரமெல்லாம் அதுவும் வெந்து இறுகியிருக்கும். இரண்டு மூன்று நிமிடம் போதும், அதற்குள் இன்னொரு வேலைக்குப் போகாதீர்கள். பாதி வட்டமாக வளைந்ததா? அடுப்பை அணையுங்கள்! முழு வட்டமாகச் சுருளவிட்டால் தாடைதான் வலிக்கும்.

இடித்த மிளகு, ஒரு கைப்பிடி கொத்தமல்லி. தட்டை நீட்டுங்கள், சுடுசோற்றின் மேல் தாராளமாக ஊற்றுகிறேன். எல்லோரும் எடுத்த பிறகு வாணலியில் ஒட்டியிருக்கும் மசாலாவில் ஒரு பிடி சோற்றைப் போட்டுப் பிரட்டுவேன். அது மட்டும் எனக்கு, யார் கேட்டாலும் தர மாட்டேன்!