இடுப்பு வலியும் பிலாட்டிஸ் பயிற்சியும்

ரயில்வே அலுவலகத்தில் நாள் முழுதும் அமர்ந்தே எழுதும் எனக்குச் சென்ற ஆண்டு இடுப்பில் வலி கண்டது. மருத்துவரின் சொற்படி பிலாட்டிஸ் பயிற்சியை நாடினேன். 1883-இல் ஜெர்மனியில் பிறந்த ஜோசப் பிலாட்டிஸ் என்பார் வகுத்து, நியூயார்க்கில் கற்பித்த முறை இது.

முதல் நாள், வெட்கத்தால் வலியை மறைத்து, பிறரைப் போல் முழங்காலை மார்புவரை மடக்கினேன். இரு நாள் நொண்டினேன். பின்னர் உண்மையைச் சொன்னதும், "வலி எவ்விடத்தில்?" என்று ஆசிரியை வினவினார். தொடையிடுக்கில் தோன்றும் வலி பெரும்பாலும் மூட்டைச் சார்ந்தது; அதற்கு வலி மிகாத எல்லைக்குள் காலை அசைத்தல் வேண்டும். இடுப்பின் பக்கவாட்டில் தோன்றுவது பெரும்பாலும் பிட்டத் தசைநாண்களைச் சார்ந்தது. அதற்குக் காலைக் குறுக்கே இழுத்து நீட்டுதல் ஆகாது. ஒருக்களித்துப் படுக்கையில் முழங்கால்களுக்கிடையே தலையணை வைத்தல் நன்று.

எனக்கு வலி தொடையிடுக்கில். மல்லாந்து படுத்து இடுப்பை மெல்ல உயர்த்தும் பயிற்சியை ஆசிரியை தந்தார். தேய்ந்த குருத்தெலும்பு மீண்டும் வளராது. ஆயினும் தசை வலுப்பெற்றால் நடை எளிதாகும் என்பதை இன்று உணர்கிறேன்.

மூட்டு மாற்றுச் சிகிச்சை பெற்றோரும் விழுந்து அடிபட்டோரும் மருத்துவரைக் கேளாமல் தொடங்கலாகாது. பிழைக்க வந்த ஊரில் உடல்நலமே நம் முதல். ஆசிரியரிடம் வலியை மறைக்காதீர்கள்.