நம் முன்னோர் எழுதியதைப் படிக்க யார் அனுமதி வேண்டும்?

எங்கள் மாலைநேரப் படிப்பு மையத்தில் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லித்தரும் முதுகலை மாணவி ஒருவர், அயோத்திதாசப் பண்டிதரின் ‘தமிழன்’ இதழ் குறித்து ஆய்வேடு எழுதுகிறார். தொகுப்பு நூல்கள் அவரிடம் உள்ளன. ஆனாலும் இதழின் பக்கங்களையே பார்க்க வேண்டும் என்கிறார். அவருடைய கொள்ளுத்தாத்தா கோலார் தங்கவயலுக்குப் பிழைக்கப் போனவர். அங்கே ‘தமிழன்’ இதழுக்கு வாசகர்கள் நிறைய இருந்தார்கள். வாசகர் கடிதங்களில் தன் ஊர்ப் பெயர் எங்காவது தென்படுமா என்று தேடுகிறார்.

இரண்டு பேருந்து மாறி நகரத்து நூலகம் ஒன்றுக்குப் போனார். இதழ்கள் சில ஸ்கேன் செய்யப்பட்டுக் கணினியில் இருந்தன. உட்கார்ந்து பார்க்கலாம், நகல் தர முடியாது என்றார்கள். காரணம் கேட்டதற்கு, “காப்பிரைட் இருக்கும்மா” என்று பதில் வந்தது.

திரும்பி வந்தவர் எங்களிடம் கேட்டார்: “அண்ணா, நூறு வருசத்துக்கு முன்னாடி நம்ம ஆளுங்க எழுதினது. அதுக்கு இப்ப யாருண்ணா உரிமைக்காரங்க?”

சட்டத்தில் இதற்குத் தெளிவான விடை இருக்கிறது. 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டப்படி, எழுதியவரின் ஆயுள் முழுவதும், அவர் இறந்த ஆண்டுக்கு அடுத்த ஆண்டிலிருந்து 60 ஆண்டுகளும் உரிமை இருக்கும். அதன்பின் அந்த எழுத்து எல்லோருக்கும் பொது. அண்ணல் அம்பேத்கர் மறைந்தது 1956 டிசம்பர் 6. எனவே, தம் வாழ்நாளில் அவர் வெளியிட்ட நூல்களின் உரிமைக்காலம் 2016 டிசம்பர் 31உடன் முடிந்தது. 1945இல் மறைந்த இரட்டைமலை சீனிவாசனின் நூல்களுக்கு 2005உடன் முடிந்தது. 1907இல் ‘ஒரு பைசாத் தமிழன்’ இதழைத் தொடங்கிய பண்டிதர் 1914இலேயே மறைந்துவிட்டார். அவர் எழுத்துக்கு எந்தப் பூட்டும் இல்லை.

இரண்டு விஷயங்களில் மட்டும் கவனம் வேண்டும். இதழில் எழுதிய மற்றவர்களுக்கு அவரவர் இறந்த ஆண்டைத் தனியே கணக்கிட வேண்டும். அதுபோல, இன்றைய பதிப்பாசிரியர் எழுதிய முன்னுரையும் குறிப்புகளும், இன்றைய மொழிபெயர்ப்பும் அவரவர் உழைப்பு. அவற்றுக்குத் தனி உரிமை உண்டு. அதை நாம் மதிக்க வேண்டும். உரிமை இருக்கும் நூலிலிருந்தும், சொந்தப் படிப்புக்கும் ஆய்வுக்கும் நியாயமான அளவில் எடுத்துக்கொள்ள இதே சட்டத்தின் 52ஆம் பிரிவு இடம் தருகிறது.

‘நாங்கள்தானே ஸ்கேன் எடுத்தோம், உரிமை எங்களுக்குத்தான்’ என்று சிலர் சொல்லக்கூடும். பழைய பக்கத்தை அப்படியே படம் எடுப்பதால் புதிய படைப்பு பிறந்துவிடாது. வெறும் உழைப்பும் பணமும் போட்டால் பதிப்புரிமை வந்துவிடாது, குறைந்தபட்சப் படைப்புத்திறனாவது வேண்டும் என்று தீர்ப்புத் தொகுப்புகள் பற்றிய ஒரு வழக்கில் உச்ச நீதிமன்றம் 2007இல் சொல்லியிருக்கிறது.

அப்படியானால் தடை எங்கே இருக்கிறது? பதிப்புரிமை வேறு; பிரதியைக் கையில் வைத்திருப்பது வேறு. எழுத்து பொதுவாகிவிட்டது. அச்சான தாள் யாரோ ஒருவரின் அலமாரியில் இருக்கிறது. அலமாரிச் சாவியைச் சட்டம் என்று சொல்லி நம்மைத் திருப்பி அனுப்புகிறார்கள்.

இதற்கு மறுபக்கமும் உண்டு. சென்னை அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராக இருந்த எட்கர் தர்ஸ்டன், நம் முன்னோரின் தலையையும் மூக்கையும் கருவி வைத்து அளந்து குறித்தவர். 1909இல் வெளிவந்த அவருடைய சாதிகள், பழங்குடிகள் பற்றிய ஏழு தொகுதிகளையும் இன்று கைப்பேசியிலேயே இலவசமாகப் படிக்கலாம். அதில் படமாக நிற்கும் நம்மவர்கள் பலருக்குப் பெயர் இல்லை, சாதி மட்டும்தான் இருக்கிறது. நம்மை அளந்தவரின் புத்தகம் ஒரு விரல் தொட்டால் திறக்கிறது. அதே காலத்தில் நாமே நடத்திய பத்திரிகையைப் பார்க்க இரண்டு பேருந்து மாற வேண்டியிருக்கிறது. இணையத்தில் எது முதலில் கிடைக்கிறதோ, அதைத்தான் நாளைய மாணவர் வரலாறு என்று எழுதுவார். நம் கவலை இதுதான்.

மாணவர்களுக்கு ஒன்று சொல்கிறோம். ‘காப்பிரைட்’ என்று யாராவது வாயால் சொன்னால் அதோடு திரும்பி வந்துவிடாதீர்கள். எழுதியவர் எந்த ஆண்டு இறந்தார் என்று பாருங்கள். எந்த விதியின்படி மறுக்கிறீர்கள் என்று எழுத்தில் கேளுங்கள். அரசு நூலகம் என்றால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மனுப் போடலாம்.

அரசுக்கும் ஒரு கோரிக்கை. தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் பல பழைய நூல்களை எவரும் படிக்க முடிகிறது. ஒடுக்கப்பட்டோர் நடத்திய இதழ்கள் எங்கெங்கே எத்தனை உள்ளன என்று ஒரு பட்டியல் எடுத்து, உரிமைக்காலம் முடிந்தவற்றை முழுமையாக அதில் ஏற்ற வேண்டும். தனியாரிடம் இருப்பவற்றை உரிய மரியாதையோடு கேட்டுப் பெற வேண்டும். தாள் நொறுங்கிக்கொண்டிருக்கிறது; செல் அரித்துவிட்டால் சட்டம் தந்த உரிமையால் பயனில்லை.

அந்த மாணவி நூலகத்துக்குக் கடிதம் எழுதிவிட்டார். பண்டிதர் மறைந்த ஆண்டு, சட்டப்பிரிவு, தேவைப்படும் பக்கங்கள் எல்லாம் அதில் இருக்கின்றன. பதிவுத் தபாலில் அனுப்பியிருக்கிறோம். பதிலுக்குக் காத்திருக்கிறோம்.