எல்லையோரத்து மாணவர்கள் – 11
எடிட்டிங் படிக்க எந்தக் கணினி?

கேரள எல்லையில் சித்தூர், கொழிஞ்சாம்பாறை பக்கத்துப் பிள்ளைகளுக்குக் கோவையும் பொள்ளாச்சியும், மறையூர்ப் பிள்ளைகளுக்கு உடுமலையும், குமுளி, வண்டிப்பெரியார்ப் பிள்ளைகளுக்குத் தேனியும்தான் பெரிய கடைவீதி. காட்சித் தொடர்பியல் படிப்பில் சேர்ந்ததும் கணினி வாங்க அங்கேதான் போகிறார்கள். எடிட்டிங் என்று சொன்ன மாத்திரத்தில், தனி கிராபிக்ஸ் கார்டு வைத்த கேமிங் லேப்டாப்பைத்தான் கடைக்காரர் எடுத்து வைப்பார். அதன் விலை எவ்வளவு பெரியது என்பதை ஒரு கணக்கு காட்டும். 2015-ல் மூணாறில் பொம்பிளை ஒருமை அமைப்பின் பெண்கள் நடத்திய போராட்டத்துக்குப் பிறகு தோட்டத் தொழிலாளியின் தினக்கூலி 301 ரூபாய் ஆனது. அந்தக் கூலியில் 75,000 ரூபாய் லேப்டாப் என்பது ஏறக்குறைய 250 நாள் உழைப்பு. கூலி அதன்பின் உயர்ந்திருக்கிறது, ஆனாலும் லயத்து வீட்டுக்கு இது இன்னும் பல மாத உழைப்புதான். ஒரே தடவை செய்யப்போகும் இந்தச் செலவில் கிராபிக்ஸ் கார்டை முதலில் வைப்பது தலைகீழ் வரிசை. எந்த வீடியோவை வெட்டப்போகிறோம், எந்த மென்பொருளில் வெட்டப்போகிறோம், பழுதானால் எங்கே கொண்டுபோவோம் என்ற மூன்று கேள்விகளுக்கும் பிறகுதான் கார்டின் முறை வரும்.

முதல் கேள்வியிலிருந்து தொடங்கலாம். 4கே படத்தின் ஒரு சட்டகத்தில் சுமார் 83 லட்சம் புள்ளிகள். ஒவ்வொரு புள்ளியின் மூன்று நிறத்துக்கும் ஒவ்வொரு பைட் வைத்தால், நொடிக்கு 30 சட்டகம் என்ற வேகத்தில் நொடிக்கு ஏறக்குறைய 750 எம்பி சேரும். ஆனால் ஐபோனில் எச்.265 முறையில் எடுத்த அதே 4கே காட்சி நிமிடத்துக்கே 170 எம்பிதான் எடுத்துக்கொள்கிறது. அதாவது இருநூற்றைம்பது மடங்குக்கு மேல் சுருக்கம். சில சட்டகங்களை மட்டும் முழுதாக வைத்துக்கொண்டு, மற்றவற்றுக்கு முன்பின் சட்டகங்களிலிருந்து மாறியது என்ன என்பதை மட்டும் குறித்துவைப்பதால் இது சாத்தியமாகிறது. பார்ப்பவருக்கு இதில் தொல்லை இல்லை, படம் முன்னோக்கியே ஓடுகிறது. எடிட் செய்பவரோ ஒரு ஷாட்டின் நடுவில் குதிப்பார், பின்னால் ஓட்டுவார், இரண்டு ஷாட்டை அடுக்கிப் பார்ப்பார். ஒவ்வொரு குதிப்புக்கும் பல சட்டகங்களை விரித்துக் கணக்குப் போட்டுத்தான் கணினி ஒரு சட்டகத்தைக் காட்ட முடியும். டைம்லைன் திக்கித் திணறுவதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம். இந்த விரிக்கும் வேலைக்கென்றே 2011-லிருந்து இன்டெல் தன் பிராசஸர்களுக்குள் குவிக் சிங்க் என்ற தனிப் பகுதியை வைத்துவருகிறது. மற்ற நிறுவனங்களின் சிப்களிலும் இதற்கு இணையானவை உண்டு. ஆகவே சாதாரண லேப்டாப்பில் இந்த வேலைக்கான உறுப்பு ஏற்கெனவே இருக்கிறது. நம் வீடியோ வகையை அது கையாளுமா என்பதே பார்க்கவேண்டியது. செல்போன் வீடியோவுக்கு அண்மைக்கால பிராசஸர் எதுவும் போதும். சோனி போன்ற கேமராக்கள் எச்.265 முறையில் தரும் 10-பிட் 4:2:2 வகைக்கு இன்டெல்லில் 11-ஆம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்தையது வேண்டும். என்விடியா கார்டுகளில் அந்த வகையை விரிக்கும் திறன் 2025-ல் வந்த 50 வரிசையில்தான் சேர்ந்தது. அதற்கு முந்தைய கார்டை அதிக விலைக்கு வாங்கியவருக்கு இந்த ஓர் இடத்தில் அது கைகொடுக்காது.

சரியான பிராசஸர் இருந்தும் டைம்லைன் திணறினால் பிராக்ஸி இருக்கிறது. மூல வீடியோவுக்குச் சிறிய நகல் ஒன்றைத் தயாரித்து, வெட்டுவதெல்லாம் அதில் வெட்டி, கடைசியில் மூலத்தோடு இணைத்து வெளியே எடுப்பது. 4கே-க்குப் பதில் 720 நகல் என்றால் புள்ளிகள் ஒன்பதில் ஒரு பங்காகக் குறையும். இது ஏழை மாணவர்களுக்கென்று கண்டுபிடித்த குறுக்குவழி என்று நினைக்கவேண்டாம். பிலிம் காலத்திலும் எடிட்டர் நெகட்டிவைத் தொட்டதில்லை. ரஷ் பிரிண்டில் வெட்டினார், அந்த வெட்டுகளைப் பார்த்து நெகட்டிவைக் கடைசியில் வெட்டினார்கள். 2020-ல் சிறந்த படத்துக்கான ஆஸ்கர் வாங்கிய கொரியப் படம் ‘பாரசைட்’ இன்னும் வலுவான சான்று. ஆரி அலெக்சா 65 என்ற உயர்ரகக் கேமராவில் எடுத்த அந்தப் படத்தை யாங் ஜின்-மோ ஃபைனல் கட் புரோ 7-ல் எடிட் செய்தார். 2009-ல் வந்து, 2011-ல் ஆப்பிள் கைவிட்டுவிட்ட மென்பொருள் அது. 32-பிட் மென்பொருள் என்பதால் 4 ஜிபிக்கு மேல் ரேமைப் பயன்படுத்தவே தெரியாதது. அந்தப் படம் எடிட்டிங்குக்கும் ஆஸ்கர் பரிந்துரை பெற்றது. பிராக்ஸி தயாராகும்வரை காத்திருக்கவேண்டுமே என்று கேட்கலாம். காத்திருக்கத்தான் வேண்டும், வட்டில் இடமும் போகும். ஆனால் அந்த வேலை ஆள் இல்லாமலே இரவில் ஓடும். ஐந்து நிமிடக் குறும்படம் எடுக்கும் மாணவருக்கு ஓர் இரவு பெரிய விலையல்ல.

இரண்டாவது கேள்வி மென்பொருள். இதில் கேரளப் பள்ளிப் பிள்ளைகளுக்கு ஓர் அனுகூலம் உண்டு. ஐடி அட் ஸ்கூல் திட்டமாகத் தொடங்கி, 2017-ல் கைட் நிறுவனமாக மாறிய அமைப்பு, அரசுப் பள்ளிகளில் கட்டற்ற மென்பொருளையே பழக்குகிறது. 2018-ல் தொடங்கிய லிட்டில் கைட்ஸ் மன்றங்களில் உயர்நிலைப் பள்ளிப் பிள்ளைகள் கேடென்லைவில் வீடியோ வெட்டக் கற்கிறார்கள். அதுவும் பள்ளிக்கு வந்த சாதாரண லேப்டாப்களில். கேடென்லைவ் லினக்சிலும் விண்டோசிலும் இலவசம், பிராக்ஸி வசதியும் அதற்குள்ளேயே இருக்கிறது. அடுத்த படி டாவின்சி ரிசால்வ். நிறத்திருத்தத்தில் தொழில்முறையாளர்களே நம்பும் மென்பொருள், இலவசப் பதிப்பிலேயே 4கே வரை வெளியே எடுக்கலாம். ஆனால் இங்கே ஒரு கண்ணி இருக்கிறது. லினக்சில் ரிசால்வின் இலவசப் பதிப்பு செல்போனின் எச்.264, எச்.265 கோப்புகளைத் திறக்காது. பள்ளியில் பழகிய லினக்சிலேயே தொடர நினைப்பவர் கேடென்லைவில் இருப்பது நல்லது. ரிசால்வ்தான் வேண்டும் என்றால் விண்டோஸ் தேவைப்படும், 16 ஜிபி ரேமும் தேவைப்படும். எதில் வெட்டினாலும் இன்னொன்றைக் கவனிக்கவேண்டும். பல செல்போன்கள் நொடிக்கு இத்தனை சட்டகம் என்று ஒரே சீராகப் பதிவதில்லை. ஒலியும் உதட்டசைவும் விலகிப்போவதற்கு இது முக்கியமான காரணம். ஹேண்ட்பிரேக் போன்ற இலவசக் கருவியில் சீராக்கிக்கொண்டு வெட்டத் தொடங்கினால் தீரும். இதற்குக் கணினியை மாற்றவேண்டியதில்லை.

கல்லூரியில் அடோபி பிரீமியர்தானே சொல்லித்தருகிறார்கள், வேலைக்கும் அதுதானே கேட்பார்கள் என்ற மறுப்பு நியாயமானது. ஆனால் ஷாட்டை எங்கே முடிப்பது, ஒலியை அடுத்த ஷாட்டுக்குள் எவ்வளவு இழுப்பது, பேச்சில் எந்த இடைவெளியை விட்டுவைப்பது என்பதெல்லாம் மென்பொருளோடு பூட்டப்பட்ட அறிவு அல்ல. பொத்தான்களின் இடத்தைக் கல்லூரி ஆய்வகத்தில் பழகிக்கொள்ளலாம், வீட்டில் பயிற்சி இலவச மென்பொருளில் நடக்கலாம். பிரீமியர் மாதச் சந்தாவில் ஓடுவது, உரிமத்தை அவ்வப்போது இணையத்தில் சரிபார்ப்பது. சிக்னல் தேடி மேட்டில் ஏறும் தோட்டப் பகுதிகளில் இதுவும் கணக்கில் வரவேண்டும். மறுப்பின் மறுமுனை, செல்போனிலேயே எடிட் செய்யலாமே என்பது. ஒரு நிமிட ரீல்சுக்குச் செய்யலாம். பல மணிநேர நேர்காணலைப் பிரித்து அடுக்கவும், நான்கு அடுக்கு ஒலியைத் தனித்தனியே சரிசெய்யவும், கோப்புகளைப் பெயரிட்டுப் பாதுகாக்கவும் அந்தச் சிறிய திரை உதவாது. படிப்பில் மதிப்பெண் வாங்கித்தருவது பெரும்பாலும் இந்த வேலைகள்தான்.

கார்டில் மிச்சமாகும் பணம் எங்கே போகவேண்டும்? முதலில் ரேமுக்கு. 16 ஜிபி இருக்கட்டும். இப்போது 8 ஜிபிதான் முடியும் என்றால், பின்னால் கூட்ட இடம் உள்ள மாடலாக இருக்கவேண்டும். மெலிதான லேப்டாப்கள் பலவற்றில் ரேம் பலகையோடு சேர்த்தே ஒட்டப்பட்டிருக்கும், அதை என்றைக்கும் மாற்ற முடியாது. அடுத்து 512 ஜிபி எஸ்எஸ்டி, அதோடு வெளியே செருகும் ஒரு வட்டு. நொடிக்கு 100 மெகாபிட் வேகத்தில் பதியும் கேமரா ஒரு மணி நேரத்தில் 45 ஜிபியை நிரப்பிவிடும். மூல வீடியோவுக்கு இரண்டாவது நகல் இல்லாமல் எடிட்டிங்கில் இறங்கக் கூடாது. பிறகு திரை. மலிவான லேப்டாப்களின் விவரத்தாளில் ‘45 சதவீத என்டிஎஸ்சி’ என்று இருக்கும். அதில் நிறங்கள் வெளிறித் தெரியும், அதைப் பார்த்து நிறத்தைக் கூட்டினால் மற்றவர் திரையில் முகங்கள் சிவந்து நிற்கும். எஸ்ஆர்ஜிபி நூறு சதவீதத்தை ஒட்டியிருக்கும் திரையையே கேட்கவேண்டும். டெஸ்க்டாப் பொருத்துகிறவர்களுக்குத் தனியாக ஓர் எச்சரிக்கை. பெயரின் முடிவில் ‘எஃப்’ எழுத்து உள்ள இன்டெல் பிராசஸர் கொஞ்சம் விலை குறைவு. அதில் உள்ளமைந்த கிராபிக்ஸ் இல்லை, கூடவே குவிக் சிங்க்கும் இல்லை.

தனி கார்டு வீண் என்பது இங்கே வாதமல்ல. இரைச்சலான இரவுக் காட்சியைச் சுத்தப்படுத்த, ரிசால்வில் கனமான நிறத்திருத்தம் செய்ய, பிளெண்டரில் அனிமேஷன் செய்ய கார்டு பெரிதும் உதவும். அனிமேஷன்தான் தன் வழி என்று முடிவு செய்துவிட்டவர் அதற்குச் செலவழிக்கட்டும். மற்றவர்கள் இந்த மண்ணின் வெப்பத்தையும் எண்ணிப்பார்க்கவேண்டும். 2016 ஏப்ரலில் பாலக்காட்டு மலம்புழாவில் 41.9 டிகிரி பதிவானது. அப்படிப்பட்ட அறையில் மெல்லிய உடலுக்குள் சூடாகும் கார்டும் பிராசஸரும் தம்மைக் காத்துக்கொள்ள வேகத்தைத் தாமாகவே குறைத்துக்கொள்ளும். விளம்பரத்தில் வாங்கிய வேகம் கோடையில் கிடைக்காது. வீட்டு இன்வெர்ட்டருக்கும் கேமிங் லேப்டாப்பின் பெரிய சார்ஜர் கூடுதல் சுமை. இடுக்கி மலையிலோ ஐப்பசி இடிமின்னல்தான் எதிரி. மின்சாரம் போனாலும் வேலையைச் சேமிக்க லேப்டாப்பின் பேட்டரி அவகாசம் தரும். அதே விலையில் டெஸ்க்டாப் கூடுதல் வேகம் தரும் என்பது உண்மைதான். ஆனால் அதற்கு யூபிஎஸ் செலவைச் சேர்க்கவேண்டும், விடுதிக்கும் ஊருக்கும் தூக்கிப் போகவும் முடியாது.

மூன்றாவது கேள்வியான பழுதுபார்ப்புதான் எல்லையோரத்தில் விடையை முடிவு செய்கிறது. மூணாறிலிருந்து கொச்சி ஏறக்குறைய 130 கிலோமீட்டர். மதர்போர்டு போய்விட்டால் கொடுக்க ஒரு நாள், வாங்க ஒரு நாள், இடையே காத்திருப்பு. இந்தியாவில் விற்ற லேப்டாப்பின் நிறுவன உத்தரவாதத்துக்கு மாநில எல்லை கிடையாது, பாலக்காட்டில் வாங்கியதைக் கோவையில் சரிசெய்யலாம். ஆகவே வாங்கும் ஊரைவிட, படிக்கும் ஊரில் அந்த நிறுவனத்தின் சர்வீஸ் சென்டர் இருக்கிறதா என்பதே முக்கியம். வீட்டுக்கே வந்து சரிசெய்யும் உத்தரவாதம் என்று சொன்னால், நம் பின்கோடுக்கு அது உண்டா என்று வாங்குமுன் கேட்டு எழுத்தில் வாங்கவேண்டும். கை மாறிய லேப்டாப்பையும் ஒதுக்கத் தேவையில்லை. அலுவலகங்களுக்கென்று செய்த திங்க்பேட், லாட்டிடியூட் வரிசைகளில் ரேமும் எஸ்எஸ்டியும் மாற்றத்தக்க மாடல்கள் நிறைய, உதிரிபாகமும் கிடைக்கும். பேட்டரி தேய்ந்திருக்கும், திரை மங்கலாக இருக்கலாம் என்பதை விலையில் கழித்துக்கொள்ளலாம். விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபரில் முடிந்துவிட்டதால், இன்டெல் 8-ஆம் தலைமுறைக்கு முந்தையதை விண்டோசுக்காக வாங்கக் கூடாது. அதில் லினக்ஸ் போட்டுக் கேடென்லைவ் ஓட்டுவதாக இருந்தால் மட்டும் யோசிக்கலாம்.

இத்தனையும் சேர்த்துப் பார்த்தால் கடைக்குப் போகுமுன் செய்யவேண்டிய வேலை ஒன்று மிஞ்சுகிறது. தான் எடுத்த வீடியோக்களில் இரண்டு மூன்றை, செல்போனில் எடுத்ததும் கேமராவில் எடுத்ததுமாக, பென்டிரைவில் கொண்டுபோய் அந்தக் கணினியிலேயே ஓட்டிப் பார்க்கவேண்டும். வெட்டி, பின்னோக்கி இழுத்து, ஒரு நிமிடத்தை வெளியே எடுத்துப் பார்த்தால் விவரத்தாள் சொல்லாதது தெரிந்துவிடும். அதற்குச் சம்மதிக்காத கடையில் பெரிய தொகையைக் கொடுக்கக் காரணமே இல்லை. மிச்சமான பணத்தில் முதலில் வாங்கவேண்டியது மைக். மங்கலான படத்தைப் பார்வையாளர் பொறுத்துக்கொள்வார், கேட்காத பேச்சைப் பொறுக்கமாட்டார். தோட்டத்து மழையிலும் வாளையாற்றுக் காற்றிலும் ஒலியை எப்படிப் பதிவது என்பதை அடுத்த வாரம் பார்ப்போம்.