கண்ணுள்ள துவக்கும் கண்ணில்லாத துவக்கும்



சப்ரகமுவ என்ற பெயருக்கு ‘வேடர் ஊர்’ என்று பொருள் கூறுவோர் உளர். சபரர் என்போர் வேடர். இராமனுக்குக் கனி கொடுத்து உபசரித்த சபரியும் அக்குலத்தாளே. அத்தகைய பெயர் பூண்ட மாகாணத்தில், எஹலியகொடையில், பாடசாலை அதிபராக இருக்கும் எனக்கு வேட்டையைப் பற்றி ஒன்றுமே தெரியாது என்பதை ஒரு மாணவன்தான் வெளிப்படுத்தினான்.

றப்பர்த் தோட்டமொன்றின் பழைய பங்களாவைக் காட்டுவதற்கு மாணவரை அழைத்துச் சென்றிருந்தேன். விறாந்தைச் சுவரிலே துரைமார் காலத்து மரைக்கொம்பு ஒன்று தூசு படிந்து தொங்கியது. மரை என்பது தமிழ்நாட்டார் கடமான் என வழங்கும் பெரிய மான். “சேர், இதை எந்தத் துவக்கால் சுட்டிருப்பார்கள்?” என்று கேட்டான் ஒரு பையன். நானோ கலைப்பட்டதாரி. விடை தெரியாத ஆசிரியர் வழக்கமாகச் செய்வதையே நானும் செய்தேன். “அடுத்த கிழமை சொல்கிறேன்” என்றேன். அந்த அடுத்த கிழமை பல மாதங்களாக நீண்டது. பழைய நூல்கள் சிலவும், பயிர்க் காவலுக்கென அனுமதிப்பத்திரத்துடன் துவக்கு வைத்திருக்கும் முதியவர் ஒருவரும் எனக்கு ஆசிரியராயினர்.

மான், மரை, சிறுத்தை ஆகியவற்றைக் கொல்வது இன்று நம் நாட்டில் தண்டனைக்குரிய குற்றம் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். துவக்கு வாங்கப் போகிறவருக்கு யோசனை கூறுவது என் நோக்கமன்று. வேட்டைக்காரன் தன் கருவியை எவ்வாறு தேர்ந்தான் என்பதை அறிந்தால், நம் தோட்டங்களின் ஓரத்தில் இன்று நடைபெறும் ஒரு கொடுமையின் இயல்பு விளங்கும். அதற்காகவே பேசுகிறேன்.

மாணவனுக்கு நான் சொல்ல நேர்ந்த முதல் விடை வேடிக்கையானது. மலைநாட்டு மரைகள் பல சுடப்படாமலே இறந்தன! பிற்காலத்தில் நைல் நதியின் மூலத்தைத் தேடிச் சென்று புகழ் பெற்ற சாமுவேல் பேக்கர் என்ற ஆங்கிலேயர், 1848 முதல் 1855 வரை நுவரெலியாவில் வாழ்ந்தவர். அவர் மரை வேட்டைக்கு நாய்க் கூட்டத்தையும் ஒரு கத்தியையுமே நம்பினார். நாய்கள் துரத்த, மரை ஓடி ஓடிக் கடைசியில் நீரோடையில் இறங்கி எதிர்த்து நிற்கும். அவர் அருகே சென்று கத்தியால் குத்துவார். துவக்கு இல்லாமையால் அன்று. காடு அத்துணை அடர்த்தி. பத்து யாருக்கு அப்பால் கண் செல்லாத இடத்தில் நூறு யார் சுடும் துவக்கால் என்ன பயன்? கருவியைத் தேர்வோன் முதலில் நோக்க வேண்டியது விலங்கையன்று, அது வாழும் நிலத்தையே என்று இதனால் அறிந்தேன்.

பேக்கரிடம் துவக்குகளுக்குக் குறைவில்லை. அவற்றுள் ஒன்று 21 இறாத்தல் நிறையுடையது. அதாவது ஒன்பதரைக் கிலோகிராம். அது எறிந்த குண்டு 4 அவுன்ஸ் ஈயம். இங்கே துவக்குகளின் ‘நம்பர்’ என்பதைச் சிறிது விளக்க வேண்டும். நம்மூரில் ‘பன்னிரண்டாம் நம்பர் துவக்கு’ என்கிறோமே, அந்தப் பன்னிரண்டு எங்கிருந்து வந்தது? ஓர் இறாத்தல் ஈயத்தைப் பன்னிரண்டு சமமான உருண்டைகளாக வார்த்தால், அவற்றுள் ஒன்று அக்குழலுக்குச் சரியாகப் பொருந்தும். ஆகவே நம்பர் கூடக் கூடக் குழல் சிறுக்கும். பேக்கருடையது நாலாம் நம்பர். ஓர் இறாத்தலில் நான்கே உருண்டை!

இவ்வளவு பெரிய குண்டு எதற்கு? அக்காலத்துக் கருமருந்து குண்டை மெதுவாகவே தள்ளும். வேகம் இல்லாத குறையை நிறையால் ஈடுசெய்தார்கள். 1889ஆம் ஆண்டில் கோடைற் என்னும் புகையற்ற மருந்து வந்தபின் நிலைமை தலைகீழாயிற்று. பின்னாளில் புகழ் பெற்ற ‘275 றிக்பி’ என்ற றைபிளின் குண்டு ஏறத்தாழ 9 கிராம்தான். பேக்கரின் குண்டில் பன்னிரண்டில் ஒரு பங்குகூட இல்லை. ஆனால் அது நொடிக்கு 2,600 அடிக்கு மேல் பாயும். வேகம் இரட்டித்தால் தாக்கும் ஆற்றல் நான்கு மடங்காகும் என்று எங்கள் விஞ்ஞான ஆசிரியர் எனக்குக் கணக்குப் போட்டுக் காட்டினார். றைபிள் என்பது குழலின் உட்புறத்தில் திருகாணிப் புரி போல வரி வெட்டிய துவக்கு. அப்புரி குண்டைப் பம்பரம் போலச் சுழற்றி அனுப்புவதால் அது நேராகச் செல்கிறது.

குண்டிலும் தேர்வு உண்டு. மானுக்கு மூக்கு மென்மையான குண்டு. உட்சென்றதும் அது விரிந்து அங்கேயே தன் ஆற்றலைச் செலவிடும். தடித்த தோலும் பெருத்த எலும்பும் உடைய விலங்குக்கு முழுக்கவசம் இட்ட கெட்டிக் குண்டு. கெட்டிக் குண்டால் மானைச் சுட்டால் அது ஊசி போலத் துளைத்து மறுபுறம் போய்விடும், மான் ஓடிவிடும். வேட்டைக்காரன் ‘தவறிவிட்டது’ என்று வீடு திரும்புவான். மானோ இரண்டு நாள் கழித்து எங்கோ ஒரு புதரில் சாகும். நல்ல வேட்டைக்காரர் அனைவரும் ஒருமுகமாக வெறுத்தது இதைத்தான். கருவித் தேர்வின் நுட்பம் முழுவதும் ஒரே இடத்தில் அடங்குகிறது, காயத்தோடு தப்பவிடாதிருத்தல்.

இனி நம் கிராமங்களில் காணும் வேட்டைத் துவக்குக்கு வருவோம். இதற்குப் புரி இல்லை. ஒரு தோட்டாவில் பல ரவைகள். ஆறாம் நம்பர் ரவை ஓர் அவுன்சுக்கு 270, பறவைக்கு உரியது. எஸ்.ஜி. என்பது அவுன்சுக்கு எட்டு. பன்றிக்கும் மானுக்கும் உரியதென்று பெயர் பெற்றது. பன்னிரண்டாம் நம்பர்த் தோட்டாவில் சுமார் ஒன்பது எஸ்.ஜி. ரவைகள் இருக்கும். ஒன்பது குண்டு என்றதும் தப்பவே தப்பாது என்று தோன்றும். கணக்கைப் பாருங்கள். வாய் சுருக்காத குழலிலிருந்து புறப்படும் ரவைகள் நாற்பது யார் தூரத்தில் ஏறத்தாழ நாலே முக்கால் அடி விட்டமுள்ள வட்டமாகச் சிதறுகின்றன. மானின் உயிர்நிலை ஒரு சோற்றுப் பீங்கான் அளவு. நாலே முக்கால் அடி வட்டத்தில் ஒன்பது புள்ளிகளை இறைத்தால் அந்தப் பீங்கானுக்குள் ஒன்று விழுவதே அரிது. மற்றவை வயிற்றிலும் காலிலும் பாயும். முதியவரிடம் இக்கணக்கைக் காட்டினேன். அவர் சிரித்து, “இருபது யாருக்கு மேல் நான் சுட்டதே இல்லை” என்றார். கணக்குப் படியாமலே அவருக்குத் தெரிந்திருந்தது.

இரண்டையும் ஒன்றாக்கும் முயற்சியும் நடந்தது. கேர்ணல் பொஸ்பெரி என்பவர் 1885இல் உரிமை பெற்ற முறைப்படி, ஹொலண்ட் அன்ட் ஹொலண்ட் கம்பனியார் ‘பரடொக்ஸ்’ என்ற துவக்கைச் செய்தனர். குழல் வாயருகே கடைசி இரண்டு மூன்று அங்குலத்தில் மட்டும் புரி இருக்கும். ரவையும் சுடலாம், தனிக் குண்டும் சுடலாம். எதிரே காட்டுக்கோழி வருமோ கரடி வருமோ என்று தெரியாத காட்டுக்கு ஏற்றது.

தோட்டாவைப் பற்றி ஒரு சொல். இந்தப் பகுதியின் மழை உங்களுக்குத் தெரியும். பழைய கடதாசித் தோட்டாக்கள் ஈரத்தில் ஊதிக் குழலுக்குள் நுழையாமலே போய்விடும். பன்றி வந்து நிற்கத் தோட்டா நுழையாத கதைகள் எங்கள் ஊரில் ஏராளம். பெரும்பாலும் பன்றிக்கே நன்மை.

சிறுத்தையின் கதை வேறு. தோட்டத்து மக்கள் அதைப் ‘புலி’ என்றே சொல்வார்கள். இலங்கையில் வேறு புலி இல்லாமையால் குழப்பமும் இல்லை. மரையோடு ஒப்பிட்டால் சிறுத்தை சிறிய உடல்தான். அதற்குப் பெருந்துவக்குத் தேவையில்லை. தேவை ஒளி. மட்டக்களப்புப் பகுதியில் புணானைக்கு அருகே பன்னிரண்டு பேருக்குக் குறையாமல் கொன்ற சிறுத்தையை 1924இல் றோப்பர் ஷெல்டன் ஏகார் என்பவர் சுட்டார். பாடம் செய்யப்பட்ட அவ்வுடல் கொழும்பு அருங்காட்சியகத்தில் வைக்கப்பட்டது. இமயமலை அடிவாரத்தில் ருத்ரபிரயாகைச் சிறுத்தை எட்டு ஆண்டுகளில் 125 பேரைக் கொன்றது. ஜிம் கோர்பெட் 1926ஆம் ஆண்டு மே மாதத்தில் மாமரம் ஒன்றில் இருந்து அதை ஒரே குண்டால் வீழ்த்தினார். நான் முன்னர் சொன்ன 275 றிக்பி அவர் பெயரோடு சேர்ந்தே புகழ் பெற்றது. ஆனால் அன்றிரவு அவருக்கு உதவியது றைபிளோடு பொருத்திய மின்சூள். அது ஒளிர்ந்தது சில நொடிகளே. அந்தச் சில நொடியில் அவர் சிறுத்தையைக் கண்டார். கண்ட பின்பே சுட்டார்.

இவ்விடத்தில் கண்ணாடிகளைப் பற்றிப் பேச வேண்டும். பைனாகுலர் என்று நாம் வழங்கும் இரட்டைத் தொலைகாட்டியின் மேல் ‘எட்டுத்தர முப்பது’, ‘ஏழுதர ஐம்பது’ என்று எழுதியிருக்கும். முதல் எண் உருப்பெருக்கம். இரண்டாவது முன்வில்லையின் விட்டம், மில்லிமீற்றரில். இரண்டாவதை முதலாவதால் வகுத்தால், கண்ணுக்குள் வந்து விழும் ஒளிக்கற்றையின் அகலம் கிடைக்கும். எட்டுத்தர முப்பதுக்கு அது நாலுக்கும் சற்றுக் குறைவு. ஏழுதர ஐம்பதுக்கு ஏழு. இளைஞனின் கண்மணி இருளில் ஏழு மில்லிமீற்றர் வரை விரியும். என் வயதினருக்கு ஐந்து விரிந்தாலே அதிகம். ஆகவே அந்திவேளைக்கென்று பெரிய கண்ணாடியை விலை கொடுத்து வாங்கும் ஐம்பது வயதுக்காரர், தம் கண்ணுக்குள் நுழையாத ஒளிக்கும் சேர்த்தே பணம் கொடுக்கிறார்!

உருப்பெருக்கம் கூடினால் நல்லது என்பதும் பொதுவான மயக்கம். பெருக்கம் கூடக் காட்சிப் பரப்புக் குறுகும். கை நடுக்கமும் பெருகித் தெரியும். அடர்ந்த காட்டில் றைபிளின் மேல் பெரிய தொலைகாட்டி பூட்டியவன், இலையொன்றை மிகத் தெளிவாகக் காண்பான். மான் எங்கே என்று அறியான். வில்லையின் பூச்சு இதைவிட முக்கியம். பூச்சில்லாத கண்ணாடியின் ஒவ்வொரு பரப்பிலும் நூற்றுக்கு நாலு பங்கு ஒளி திரும்பிவிடும். பத்துப் பரப்பு இருந்தால் மூன்றில் ஒரு பங்கு போய்விடும். 1935இல் சைஸ் கம்பனியில் பணியாற்றிய ஸ்மாகுலா என்ற அறிஞர் கண்ட மெல்லிய பூச்சே இவ்விழப்பைப் பெரிதும் குறைத்தது. ஆனால் நம் பகுதியில் வில்லைக்குப் பெரும் பகை பூஞ்சணம். இரண்டு மழைக்காலம் பெட்டிக்குள் பூட்டி வைத்தால் வில்லையின் உட்புறத்தில் சிலந்திவலை போல் படர்ந்துவிடும். எங்கள் பாடசாலைத் தொலைகாட்டியைக் காற்றுப் புகாத தகரப் பேணியில், வறுத்து ஆறவைத்த அரிசிப் பொட்டலத்துடன் வைத்திருக்கிறோம்.

முதியவர் எனக்குக் கற்பித்த விதி ஒன்று உண்டு. துவக்கின் தொலைகாட்டியால் எதையும் தேடிப் பார்க்கக் கூடாது. ஏனெனில் அதனால் பார்ப்பது என்றால், இன்னதென்று அறியாத ஒன்றின் மீது குழலை நீட்டுவதாகும். முதலில் கையிலுள்ள கண்ணாடியால் பார், இன்னதென்று அறி, அதன் பின்னால் என்ன இருக்கிறது என்பதையும் அறி, பிறகே துவக்கைத் தொடு. இருளில் தலைவிளக்கு அடித்தால் மானின் கண் மட்டுமன்று, ஆட்டின் கண்ணும் மாட்டின் கண்ணும் நாயின் கண்ணும் மின்னும்.

இத்துணையும் கேட்ட நேயர்கள், கட்டுத்துவக்கு என்பதை இனி எண்ணிப் பாருங்கள். ஒரு குழாயில் மருந்தும் இரும்புத் துண்டுகளும் அடைத்து, பன்றித் தடத்தின் ஓரத்தில் கட்டி, பாதையின் குறுக்கே ஒரு கம்பியை இழுத்துவிடுகிறார்கள். பன்றியின் மார்பு உயரம் மனிதனுக்கு முழங்கால். குழல், குண்டு, தூரம், ஒளி என்று வேட்டைக்காரன் ஆராய்ந்து தேர்ந்தானே, அத்தேர்வு எதுவும் இதில் இல்லை. கண்ணே இல்லை. முதலில் வருவது எதுவோ அதன் மேல் வெடிக்கும்.

என் மாணவன் ஒருவனின் தகப்பனார் பால்வெட்டும் தொழிலாளி. விடியுமுன் மலைக்குப் போகும் குறுக்குப் பாதையில் அவர் கால் கம்பியில் பட்டது. முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். பையன் இரண்டு தவணை பாடசாலைக்கு வரவில்லை, நான் லயத்துக்குச் சென்று கேட்டபோது, “யார் சேர் வேலைக்குப் போவது?” என்றான். அவனுக்கு வயது பதின்மூன்று. வைத்தவர் யாரென்று ஊருக்குத் தெரியும். சாட்சி சொல்ல ஒருவரும் வரவில்லை. அவரும் செல்வரல்லர். ஓர் இரவில் பன்றிக் கூட்டம் தம் மரவள்ளித் தோட்டம் முழுவதையும் கிளறிவிட்டதைக் கண்டு மனம் வெதும்பியவர். அந்தத் துயரை நான் மறுக்கவில்லை. ஆயினும் அவர் வைத்த கருவிக்குப் பன்றியும் மனிதனும் ஒன்றே.

கம்பிச் சுருக்கும் இவ்வினமே. 2020ஆம் ஆண்டு மே மாதத்தில் நல்லதண்ணி, லக்ஷபான தோட்டப் பகுதியில் அரிதினும் அரிதான கருஞ்சிறுத்தை ஒன்று சுருக்கில் அகப்பட்டது. உயிருடன் மீட்டு உடவளவைக்குக் கொண்டு சென்றும் சில நாட்களில் அது இறந்தது. அதைக் கொல்ல யாரும் நினைக்கவில்லை என்பதே இதிலுள்ள கொடுமை.

வேட்டைக்காரரும் தோட்டத்துரைமாருமே 1894இல் வேட்டை விலங்குகளைக் காக்கச் சங்கம் அமைத்தனர். பின்னர் 1937ஆம் ஆண்டின் வனவிலங்கு, தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் வந்தது. துவக்குக்கோ 1916ஆம் ஆண்டு முதல் சட்டம் உண்டு. அனுமதிப்பத்திரத்தை ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும். கட்டுத்துவக்குக்கு எந்த அனுமதியும் இல்லை.

தோட்டத்தில் வாழும் நேயர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பாதையின் குறுக்கே முழங்கால் உயரத்தில் கம்பியோ நைலோன் நூலோ தென்பட்டால் அதைத் தொடாதீர்கள், அறுக்கவும் முயலாதீர்கள், அறுத்தாலும் வெடிக்கக்கூடும். வந்த அடிச்சுவட்டிலேயே பின்வாங்கி, பின்னால் வருவோரை நிறுத்தி, 119க்குப் பொலிசாருக்கு அறிவியுங்கள். எவரேனும் காயப்பட்டால் புண்ணைத் துணியால் இறுக அழுத்திப் பிடித்தபடி 1990 அம்புலன்சை அழையுங்கள். விடியுமுன் பால்வெட்டுக்குப் போகிறவர்கள் மின்சூளை முகத்துக்கு நேரே பிடிக்காமல், இரண்டு மூன்று யார் முன்னால், முழங்கால் உயரத்தில் அடித்துக்கொண்டு செல்லுங்கள். கம்பி இருந்தால் அந்த ஒளியில் மின்னும்.