தெளிவாகத் தெரிகிறதா?



"தெரியுதா?" என்று மாடியிலிருந்து ஒரு குரல். "இன்னும் கொஞ்சம் வடக்கே திருப்புங்கப்பா... ஐயோ, போயிடுச்சு!" என்று கூடத்திலிருந்து மறுகுரல். 1980களில் தொலைக்காட்சிப் பெட்டி வாங்கிய வீடுகளில் கேட்ட உரையாடல் இது. நம் தாய் தந்தையரைக் கேட்டால் சிரித்துக்கொண்டே சொல்வார்கள்.

இது வெறும் பொழுதுபோக்குச் செய்தி அன்று. 2020ஆம் ஆண்டு பள்ளிகள் மூடிக் கிடந்தபோது, கல்வித் தொலைக்காட்சி வழியே பாடங்கள் ஒளிபரப்பாயின. படம் நின்றுபோன வீட்டில் அன்றையப் பாடமும் நின்றுபோனது. ஆகவே படம் எப்படி வருகிறது, ஏன் போகிறது என்பதை நாம் அறிந்து வைத்திருப்பது நல்லது.

நம் நாட்டில் தொலைக்காட்சி 1959 செப்டம்பர் 15 அன்று டெல்லியில் தொடங்கியது. சென்னை நிலையம் 1975 ஆகஸ்ட் 15 அன்றும், பெங்களூர் நிலையம் 1981ஆம் ஆண்டும் வந்தன. ஒசூரிலிருந்து பெங்களூர் சுமார் 40 கிலோமீட்டர். சென்னையோ 300 கிலோமீட்டருக்கு அப்பால். எனவே எல்லையோரத்து ஆன்டெனாக்கள் பெங்களூரை நோக்கியே நின்றன. தமிழ் பேசும் வீட்டுக் கூடத்தில் கன்னடச் செய்தி ஒலித்தது இப்படித்தான்.

கிருஷ்ணகிரிக்கு மட்டும் ஏன் அந்தப் படம் எளிதில் எட்டவில்லை? தொலைக்காட்சி அலைகள் பெரும்பாலும் ஒளியைப் போல நேர்கோட்டில் செல்பவை, பூமியோ வளைந்தது. இதற்கு ஓர் எளிய கணக்கு உண்டு. கோபுரத்தின் உயரத்தை மீட்டரில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தை 4.12ஆல் பெருக்கினால், சமதரையில் அலை எட்டும் தூரம் கிலோமீட்டரில் கிடைக்கும். கோபுரம் 144 மீட்டர் என்று கொள்வோம். 12 × 4.12 = சுமார் 49. நம் வீட்டு ஆன்டெனா 9 மீட்டர் உயரத்தில் இருந்தால், 3 × 4.12 = சுமார் 12. மொத்தம் 61 அல்லது 62 கிலோமீட்டர். ஒசூர் இதற்குள் அடங்குகிறது; சுமார் 90 கிலோமீட்டரில் உள்ள கிருஷ்ணகிரி அடங்கவில்லை. மேலும், கிருஷ்ணகிரி நகரம் ஒசூர் மேட்டுநிலத்தைவிட 300 மீட்டருக்கும் மேல் தாழ்ந்தது. இடையில் மலைகளும் உண்டு. கம்பத்தை 16 மீட்டராக உயர்த்தினாலும் கூடுவது நான்கு கிலோமீட்டரே!

மீன்முள் போன்ற அந்த ஆன்டெனாவுக்கு யாகி என்று பெயர். ஜப்பானில் 1926இல் யாகி, உடா என்னும் இருவர் உலகுக்கு அறிவித்தது அது. கம்பிகளில் ஒன்றுதான் ஒயரோடு இணைந்து அலையை வாங்குகிறது. அதன் பின்னால் உள்ள சற்று நீண்ட கம்பி, அலையைத் திருப்பி அனுப்புகிறது; முன்னால் உள்ள குட்டைக் கம்பிகள் அலையை வழிநடத்துகின்றன. ஆகவே குட்டைக் கம்பிகள் இருக்கும் பக்கமே நிலையத்தை நோக்க வேண்டும். திருப்பிப் பொருத்திவிட்டு டிவியைக் குறை சொல்லிப் பயனில்லை!

படத்தில் ஒரே முகம் இரண்டாகத் தெரிந்ததும் உண்டு. நேராக வந்த அலையோடு, பாறை மலையில் மோதித் திரும்பிய அலையும் சற்றுத் தாமதமாக வந்து சேர்வதே காரணம். பாறைக் குன்றுகள் சூழ்ந்த நம் ஊர்ப்பக்கத்தில் இதற்குக் குறைவில்லை. பூஸ்டர் வைத்தால் இது தீராது. அது இரண்டு முகங்களையும் சேர்த்தே பெரிதாக்கும். ஆன்டெனாவின் திசையையோ இடத்தையோ மாற்றுவதே மருந்து.

அந்தப் பழைய முறைத் தரைவழி ஒளிபரப்பைத் தூர்தர்ஷன் படிப்படியாக நிறுத்தி, 2022க்குள் பெரும்பாலான நிலையங்களை மூடிவிட்டது. இன்று நம் கூரைகளில் இருப்பது டிஷ். நிலநடுக்கோட்டுக்கு மேல் சுமார் 36,000 கிலோமீட்டர் உயரத்தில் உள்ள செயற்கைக்கோளை அது பார்க்கிறது. மாதக் கட்டணம் இல்லாத டிடி ஃப்ரீ டிஷ் சேவைக்குரிய செயற்கைக்கோள், கிருஷ்ணகிரியிலிருந்து பார்த்தால் தென்கிழக்கே, தரையிலிருந்து சுமார் 67 பாகை உயரத்தில் இருக்கிறது. அந்தத் திசையில் தென்னையோலை மறைத்தால் படம் கெடும். ஆணி தளர்ந்து டிஷ் ஓரிரு பாகை நகர்ந்தாலும் போதும், படம் போய்விடும். இந்த அலைகளின் நீளம் இரண்டரை சென்டிமீட்டர் அளவே. எனவே கனமழை அவற்றை விழுங்கிவிடும். அப்போது டிஷ்ஷைத் தொடாமல் மழை விடும்வரை பொறுப்பதே அறிவு. மழை விட்டும் வராவிட்டால் முதலில் ஒயர் இணைப்பில் நீர் புகுந்திருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள்.

இறுதியாக, மிக முக்கியமான ஒன்று. படத்தைவிட உயிர் பெரிது. இரும்புக் கம்பம் சாய்ந்தாலும் மின்கம்பியைத் தொடாத தூரத்தில் அதை நட வேண்டும். இடி மின்னல் வேளையில் டிவியின் பிளக்கையும் ஆன்டெனா ஒயரையும் முன்கூட்டியே கழற்றி வைக்க வேண்டும். ஈரமான கூரையிலோ, கைப்பிடிச் சுவர் இல்லாத மாடியிலோ மாணவிகள் ஏறவே கூடாது. பெரியவர்களும் தனியே ஏற வேண்டாம்.

அசிசி நகர்ப் புனித கிளாரா, நோயுற்றுப் படுத்திருந்த ஒரு கிறிஸ்து பிறப்பு இரவில், தொலைவில் நடந்த வழிபாட்டைத் தம் அறையிலிருந்தே கண்டதாகச் சொல்வர். அதனால்தான் திருத்தந்தை பன்னிரண்டாம் பத்திநாதர் 1958இல் அவரைத் தொலைக்காட்சியின் பாதுகாவலியாக அறிவித்தார். அந்தப் புனிதைக்கு ஆன்டெனா தேவைப்படவில்லை, நமக்குத் தேவைப்படுகிறது! அதைச் சரியான திசையில், உறுதியாக, பாதுகாப்பாக நிறுத்துவோம். பிறகு பெட்டியில் எதைப் பார்ப்பது, எப்போது நிறுத்திவிட்டுப் புத்தகத்தைத் திறப்பது என்பதை நம் நல்லறிவு முடிவு செய்யட்டும்.